ஆள் பற்றாக்குறை

எங்கப்பா கோவில்பட்டியில் ஓர் அடகுக்கடையில் கணக்குப்பிள்ளை. பேப்பரில் வருவதை லேசில் நம்பமாட்டார். தங்கம் விலையைக்கூட பஜாரில் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் ஒத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் விசாரிக்காமலே முழுசாக நம்பிய ஒரே செய்தி, நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை என்பது. 1,000 பேருக்கு 3 நர்ஸ் வேண்டும், இந்தியாவில் 2 பேர்கூட இல்லை என்று எப்போதோ வந்ததைக் கத்தரித்து, காலண்டர் அட்டையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். நான் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்ததற்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் காரணம். "தட்டுப்பாடு இருக்கிற சரக்குக்குத்தாம்ல கிராக்கி" என்றார். அடகுக்கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் சொன்னால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

சொந்தக்காரர்கள்தான் மறுத்தார்கள். ஆம்பளைப் பயல் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறதா என்று பெரியம்மா வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா சமாளித்துப் பார்த்தார். ஊரில் கேட்பவர்களிடம் "மெடிக்கல் லைன்ல படிக்கான்" என்று மட்டும் சொல்லி, மீதியை அவரவர் கற்பனைக்கு விட்டார். பாதித் தெரு என்னை டாக்டர் என்றும் மீதித் தெரு மெடிக்கல் ரெப் என்றும் நினைத்துக்கொண்டிருந்தது. பி.எஸ்ஸி. நர்சிங்கில் பிரசவம் பார்க்கும் பாடமும் உண்டு, பையன்களுக்கும் சேர்த்துத்தான். இது பெரியம்மா காதுக்கு எட்டிய அன்று, "நீயுமால?" என்று கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது.

முதல் வருஷம் விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளை உடுப்பில் கையில் விளக்கோடு நின்று நைட்டிங்கேல் உறுதிமொழி எடுப்போம். அந்த போட்டோவை அப்பா சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் "வேளாங்கண்ணியில எடுத்ததா?" என்றுதான் கேட்டார்கள். (அந்த உறுதிமொழியை எழுதியது நைட்டிங்கேல் அல்ல. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் எழுதியது. இப்படிப்பட்ட தகவல்கள் என்னிடம் நிறைய இருந்தன. வேலை கொடுக்கிறவர்கள் ஒருவரும் இவற்றைக் கேட்கவில்லை.)

2017-ல் படிப்பு முடிந்தது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிற செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளவே முடியும். 1926-ல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம் அது. பதிவு எண் வந்ததும் அப்பா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். நகையை உரசிப் பார்க்கிற கை அது. "ஒரிஜினல்தான்" என்று அவரே சான்று கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக் கொடுத்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். நாடு முழுக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறதே, சும்மா உட்கார்ந்திருக்கலாமா?

முதலில் திருநெல்வேலியில் ஒரு நர்சிங் ஹோம். நிர்வாகம், கல்லா, ஆள் எடுப்பது எல்லாமே டாக்டரின் மனைவிதான். ஃபைலைத் திறக்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாங்க லேடீஸ்தான் எடுக்கிறது தம்பி" என்றார்.

"வாசல்ல நர்ஸ் தேவைன்னுதான் போட்டிருக்கு மேடம்."

"ஆமா, நர்ஸ்தான் தேவை."

அதற்கு மேல் அவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் கேட்க ஒன்றுமில்லை. சின்ன நர்சிங் ஹோம்தானே இப்படி என்று அப்போது நினைத்தேன். 2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனைகளிலேயே நர்சிங் ஆபீசர் பணிக்கு 80 சதவீதம் பெண்கள், 20 சதவீதம் ஆண்கள் என்று முடிவெடுத்தபோது, அந்த அம்மாளை நான் மனதுக்குள் மன்னித்துவிட்டேன். அவர் சதவீதத்தை மட்டும்தான் கொஞ்சம் கூட்டிப் பிடித்திருக்கிறார்.

அடுத்து மதுரை. அங்கே ஆண், பெண் பேதம் இல்லை. வேறொரு பேதம் இருந்தது.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

"இல்ல சார், இப்பதான் முடிச்சேன்."

"எக்ஸ்பீரியன்ஸோட வாங்க."

"அது எங்க சார் கிடைக்கும்?"

"வேற எங்கயாவது ஒரு வருஷம் பாத்துட்டு வாங்க."

வேறு இடங்களுக்கும் போனேன். அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். புதிதாகப் படித்து வருகிற நர்ஸ் தன் முதல் வேலையை எங்கே பார்க்க வேண்டும் என்பதில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது: பக்கத்து ஆஸ்பத்திரியில். கல்லூரியில் படித்த நாட்களில், அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் விடியற்காலையில் போய் நின்று, வரிசையாகப் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்த்து எழுதியது யார்? படுக்கை விரித்தது, புண்ணுக்குக் கட்டு மாற்றியது, ராத்திரி பிரசவ வார்டில் பேறுகால நோட்டுக்குக் கையெழுத்து வாங்க மேடம் பின்னால் ஓடியது யார்? அதெல்லாம் படிப்பாம். அனுபவம் என்றால் சம்பளம் வாங்கியிருக்க வேண்டுமாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சம்பளம் வாங்காத அனுபவம் ஊரிலும் பெருகிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது நான் நர்ஸ் என்கிற விஷயம் தெருவுக்கு மெதுவாகத் தெரிந்துவிட்டது. காலையில் எழுந்தால் திண்ணையில் நான்கு பேர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவின் ரத்த அழுத்தம் முழுவதும் எனக்கு மனப்பாடம். எதிர்வீட்டு ஆச்சிக்கு 160-க்குக் கீழே இறங்கினால் திருப்தி இருக்காது. "நல்லா அமுக்கிப் பாரு" என்பார். பக்கத்து வீட்டு அத்தையின் மாத்திரையை இவர் வாங்கிப் போட்டுக்கொள்வதும், இவர் மாத்திரையை அவருக்குக் கொடுப்பதும் கொழுக்கட்டை பரிமாறிக்கொள்வது மாதிரி நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கப் போய் இரண்டு வீட்டாரோடும் பேச்சுவார்த்தை நின்றது. ஊசி போடச் சொல்லி வருகிறவர்கள் தனி ரகம். டாக்டர் சீட்டு இல்லாமல் போடக்கூடாது அண்ணாச்சி என்றால், "அப்ப என்னத்த நாலு வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களும் மதுரை ஹெச்.ஆரும் வெவ்வேறு வழியில் ஒரே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்.

பிறகு சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாக்-இன் இன்டர்வியூ. வரிசை லிஃப்டைத் தாண்டி, கேன்டீனைத் தாண்டி, பார்க்கிங் வரை நின்றது. அத்தனை பேரும் நர்ஸ். பற்றாக்குறையை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே குளுகுளு அறையில் ஒருவர், ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் இதற்கு உண்மையான பதில் ஒன்றுதான்: துபாய். கேட்பவருக்கும் அது தெரியும். ஆனாலும் "இதே ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸாக" என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவர் தலையாட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் 9,000 என்றார். ஹாஸ்டலுக்கு 2,000 பிடித்தம், சாப்பாடு தனி, யூனிஃபார்முக்கும் பிடித்தம். இரண்டு வருஷம் பாண்ட். அதுவரை ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கும். எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, வரிசையைக் கண்ணால் காட்டினார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பிடித்தங்களை ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தார். "கடையில டீ வாங்கப் போற பயலுக்கு 8,500 கொடுக்கோம்ல" என்றார். அன்றைக்குத்தான் காலண்டர் அட்டையில் புதிதாக ஒரு துண்டு ஏறியது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, மத்திய அரசு ஒரு குழு அமைத்திருந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது என்பது குழுவின் பரிந்துரை. "பாத்தியா, 20,000" என்று அப்பா அடிக்கோடு போட்டார். அதைப் போராடி வாங்கியவர்கள் கேரளத்து நர்ஸ்கள். 2017-ல் ஸ்டிரைக் செய்தார்கள், 2018-ல் அங்கே தனியார் ஆஸ்பத்திரிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 20,000 என்று அரசாணையே வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பரிந்துரை எங்கள் வீட்டுக் காலண்டரில் பத்திரமாக இருந்தது.

"எதுக்குப் பிரைவேட்டு? கவர்மெண்டுல போய் நில்லு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு உண்டு. 2015-ல் அப்படித் தேர்வு வைத்து எடுத்தவர்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று பேச்சு. நான் வேலை தேடிக்கொண்டிருந்த அதே 2017 நவம்பரில், அவர்களெல்லாம் ஆயிரக்கணக்கில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், பணி நிரந்தரம் கேட்டு. அம்மா டி.வி.யில் பார்த்துக்கொண்டே இருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள். "இவங்க கவர்மெண்டு நர்ஸுதானே?" என்றார். ஆமாம் என்றேன். அம்மா சேனலை மாற்றினார். அதன்பிறகு கவர்மெண்டு பேச்சை எடுக்கவில்லை.

வளைகுடா ஏஜென்ட் ஒருவரையும் பார்த்தோம். மதுரையில் ஒரு சந்துக்குள் மாடி அறை, சுவர் முழுக்க கட்டடங்களின் படம். விசா ரெடி, பணம் கட்டினால் அடுத்த மாதம் விமானம் என்றார். 2015-லிருந்து வளைகுடாவுக்கு நர்ஸ் அனுப்புவது அரசு நிறுவனங்கள் வழியாகத்தான், தமிழ்நாட்டில் அதற்கு 1978-லிருந்தே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறதே என்று நான் கேட்டதும், அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. ஒழுங்கான வழியில் விசாரித்தால் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்கள். இரண்டு வருஷ அனுபவம் வேண்டும்.

கடைசியில் மதுரையிலேயே ஒரு மல்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். அந்த இன்டர்வியூவை மட்டும் நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன், காரணம் அங்கேதான் முதன்முதலாக ஒரு நர்ஸ் என்னைக் கேள்வி கேட்டார். நர்சிங் சூப்பரின்டென்டன்ட். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டே, "பச்சை கேனுலா என்ன சைஸ்?" என்றார். 18. "பிங்க்?" 20. "நீலம்?" 22. "மஞ்சள்?" 24 மேடம், குழந்தைகளுக்கு. "சி.பி.ஆர்.?" முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120. "பொட்டாசியம் குளோரைடு எழுதியிருக்காங்க, ஆம்ப்யூல் கையில இருக்கு, டாக்டர் அவசரப்படுத்துறார். நேரா நரம்புல தள்ளிடலாமா?"

"கூடவே கூடாது மேடம். இதயம் நின்னுரும். கலந்து, மெதுவாத்தான் ஏத்தணும்."

"டாக்டர் திட்டினா?"

"திட்டட்டும் மேடம்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவரைப் பொறுத்தவரை இன்டர்வியூ முடிந்தது. நான்கு வருஷம் படித்ததற்கு அந்தப் பத்து நிமிஷம் போதும் என்று தோன்றியது. அப்போது பக்கத்திலிருந்த ஹெச்.ஆர். மேனேஜர் தன் ஒரே கேள்வியைக் கேட்டார்: "எவ்வளவு வெயிட் தூக்குவீங்க?"

ஐ.சி.யூ.வில் ஆம்பளை ஸ்டாஃப் வேண்டும், நோயாளியைப் புரட்டிப் போட, ஸ்ட்ரெச்சரில் மாற்ற. என் பட்டத்தைவிடத் தோள்பட்டைக்கு அங்கே மதிப்பு அதிகம். போகட்டும், ஏதோ ஒரு பாகத்துக்காவது அனுபவம் கேட்காமல் வேலை கிடைக்கிறதே என்று தலையாட்டினேன். சம்பளம் 10,000. பாண்ட் உண்டு. ஒரிஜினல்களைக் கொடுத்துவிட்டு இன்றைக்கு ராத்திரியே டூட்டியில் சேரலாம் என்றார்.

வெளியே காத்திருந்த அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். வேட்டி, சட்டைப் பையில் கத்தரித்த துண்டு. முதலில் 20,000-ஐ எடுத்து மேசைமேல் வைத்தார். "அது பரிந்துரைதான் சார், சட்டம் இல்ல" என்று ஹெச்.ஆர். சிரித்தார். அப்பா துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். சம்பளத்துக்கு அவர் சண்டை போடவில்லை. பிறகு மெதுவாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"சார், இந்த ஒரிஜினல வாங்கி வைக்கீங்கள்லா, ரசீது கொடுப்பீங்களா?"

"அதெல்லாம் வழக்கம் இல்ல சார். லாக்கர்ல பத்திரமா இருக்கும்."

"சரி, அதுமேல எவ்வளவு பணம் கொடுப்பீங்க?"

"பணமா? எதுக்கு சார்?"

"நான் முப்பது வருசமா அடகுக்கடையில இருக்கேன் சார். ஒரு பொருள வாங்கி உள்ள வச்சா, பணம் கொடுக்கணும், சீட்டு கொடுக்கணும், மீட்க ஒரு தேதி சொல்லணும். லைசென்ஸும் வேணும். நீங்க பணமும் கொடுக்கல, சீட்டும் கொடுக்கல, பொருள மட்டும் வாங்கி உள்ள வைக்கீங்க. எங்க முதலாளிக்கு இந்த யாவாரம் தெரியாமப் போச்சே!"

நர்சிங் சூப்பரின்டென்டன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஹெச்.ஆர். கொஞ்சம் இறங்கி வந்து, டிகிரியை விட்டுவிடுகிறோம், பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள் என்றார். "அதுக்குச் சீட்டு?" என்றார் அப்பா. அந்த நேரம் ஐ.சி.யூ.விலிருந்து இன்டர்காம் அடித்தது. ராத்திரிக்கு ஆள் போட்டாச்சா, இரண்டு பேர் லீவு என்று மறுமுனையில் ஒருவர் கத்துவது எங்களுக்கே கேட்டது. காலண்டர் அட்டையில் இருந்த செய்தி பொய்யில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பற்றாக்குறை உண்மைதான். அது பகலில், இன்டர்வியூ அறையில் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு, 10,000 ரூபாய்க்கு, வார்டுக்குள் இருக்கும்.

"ஜெராக்ஸ் போதும் சார்" என்றார் ஹெச்.ஆர்.

அன்று ராத்திரியே சேர்ந்தேன். வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்கு மூன்று பேர். மூன்றாவது படுக்கையில் நினைவு தெளிந்து படுத்திருந்த பெரியவர் என்னை "டாக்டர்" என்று கூப்பிட்டார். "டாக்டர் இல்ல ஐயா, நர்ஸ்" என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடு" என்றார். நர்ஸம்மா என்றது எங்கள் இன்சார்ஜ் அக்காவை, நாகர்கோவில்காரர். விடியற்காலை டீயின்போது என் ஜெராக்ஸ் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அவருடைய முதல் ஆஸ்பத்திரியில் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்ப்பு வந்தபோது கேட்டால், பாண்ட் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்களாம். பணம் புரட்டுவதற்குள் அந்த வேலை போய்விட்டது.

ஆகவே, இந்த வருஷம் படிப்பை முடித்துப் பதிவு எண்ணோடு வெளியே வருகிற தம்பி தங்கைகளே, இன்டர்வியூவில் ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். படிப்புச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாண்டில் கையெழுத்துக் கேட்டால் முழுக்கப் படித்துப் பார்த்து ஒரு நகல் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழை வேலையை விடுகிற அன்றே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஒரிஜினலைக் கொடுத்துவிட்டவர்கள் வாயால் கேட்டுக்கொண்டிருக்காமல் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு.